மாட்டுத் தொழுவத்தில் ஒரு படப்பிடிப்பு

1974 பிப்ரவரி. பிரிட்டனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். மின்சாரத்தை மிச்சம்பிடிப்பதற்காக, பெரும்பாலான நிறுவனங்கள் வாரத்தில் மூன்று நாள்தான் இயங்கலாம் என்று அரசு கட்டுப்பாடு விதித்திருந்தது. பிரதமர் எட்வர்ட் ஹீத் பொதுத் தேர்தலை அறிவித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அந்தக் களேபரத்துக்கு நடுவே, 12ஆம் தேதி, பிபிசியில் ஒரு புதிய குழந்தைத் தொடர் ஆரம்பமானது. திரையில் பழுப்பேறிய பழங்காலப் புகைப்படங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. எந்த அவசரமும் இல்லாத ஓர் ஆண்குரல், எமிலி என்ற சிறுமியின் கடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது. அந்தக் கடையில் எதுவும் விற்பனைக்குக் கிடையாது. தெருவில் தொலைந்து கிடப்பதையும் உடைந்து கிடப்பதையும் எமிலி பொறுக்கிக்கொண்டு வருவாள். கடையிலிருக்கும் பொம்மைகள் அதைத் துடைத்து, ஒட்டி, தைத்து ஜன்னலில் வைக்கும். பொருளுக்கு உரியவர் அந்தப் பக்கமாகப் போனால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் கதை.

தொடரின் பெயர் ‘பேக்பஸ்’. கடையில் தூங்கிக்கொண்டிருக்கும் குண்டுத் துணிப்பூனையின் பெயரும் அதுதான். தலா கால் மணி நேரத்தில் 13 பகுதிகள். மொத்தத்தையும் சேர்த்தாலும் நம் பழைய தமிழ்ப் படம் ஒன்றின் நீளம்தான் வரும். இந்தப் பதின்மூன்றையே பிபிசி பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. 1999இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில், பிரிட்டிஷ் மக்களின் மனம் கவர்ந்த குழந்தைகள் நிகழ்ச்சியாகத் தேர்வானது இதுதான்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் ஆலிவர் போஸ்ட்கேட். கதை எழுதியவரும், பொம்மைகளை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படம் பிடித்தவரும் அவரே. 2008 டிசம்பர் 8 அன்று கென்ட் மாவட்டத்தின் கடலோர ஊரான பிராட்ஸ்டேர்ஸில் 83 வயதில் காலமானார். 2025 ஏப்ரலில் அவர் பிறந்து நூறு ஆண்டுகள் நிறைந்தன. இப்படிப்பட்டவர்கள் மறையும்போதும், நூற்றாண்டு வரும்போதும் ஊடகங்கள் ஒரே பல்லவியைப் பாடும்: ‘நம் குழந்தைப் பருவத்தின் குரல்’, ‘கள்ளமற்ற ஒரு காலம்’. பாராட்டுத்தான். ஆனால் மனிதரை அது தாத்தாவாக்கி ஓர் ஓரமாக உட்கார வைத்துவிடுகிறது. போஸ்ட்கேட் சாதுவான ஆள் இல்லை. எதற்கும் சட்டென்று தலையாட்டாத பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதத்துக்கு இடம் கொடுக்கும் ஓர் ஏற்பாடு அன்றைய தொலைக்காட்சியில் இருந்தது. நான் பேச விரும்புவது அந்த ஏற்பாட்டைப் பற்றி.

பிடிவாதம் அவருக்குப் பரம்பரைச் சொத்து. தாய்வழித் தாத்தா ஜார்ஜ் லான்ஸ்பரி, 1932 முதல் 1935 வரை தொழிற்கட்சிக்குத் தலைமை வகித்தவர். கிழக்கு லண்டனின் பாப்ளர் பகுதியில், ஏழைகள்மேல் அநியாயமாகச் சுமத்தப்பட்ட வரிப் பங்கைச் செலுத்த மாட்டோம் என்று 1921இல் சக கவுன்சிலர்களோடு சிறைக்குப் போனவர். இந்திய சுயாட்சிக்கு ஆதரவாகப் பேசிய பிரிட்டிஷ் தலைவர்களில் ஒருவர். அடையாறைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையின் உறுப்பினரும்கூட. அப்பா ரேமண்ட் போஸ்ட்கேட், முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்துச் சிறை சென்ற பத்திரிகையாளர். பின்னாளில் பிரிட்டிஷ் உணவகங்களைத் தரம்பிரித்து எழுதும் ‘குட் ஃபுட் கைடு’ என்ற கையேட்டைத் தொடங்கியவரும் அவரே. அம்மா டெய்சி, பெண்கள் வாக்குரிமைப் போராளி சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் போல வேடமிட்டுப் போலீஸை ஏமாற்றி, அவரைத் தப்பவைத்தவர். இந்த வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ அழைப்பு வந்தது. விண்ட்சரில் உள்ள முகாமுக்குப் போய் ஆஜரானார். சீருடையை மட்டும் போட முடியாது என்றார். ராணுவ நீதிமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. பிறகு விவசாய வேலை, போர் முடிந்ததும் ஜெர்மனியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிவாரணப் பணி. அதன் பிறகும் எந்த வேலையிலும் காலூன்றாமல் சில ஆண்டுகள் ஓடின.

1957இல் லண்டனின் வணிகத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றில் மேடை நிர்வாகி வேலை கிடைத்தது. அங்கே குழந்தைகளுக்காகக் காட்டப்பட்டவற்றைப் பார்த்து, இதைவிட நன்றாக நானே செய்வேன் என்று நினைத்தார். செய்யவும் செய்தார். ‘அலெக்சாண்டர் தி மவுஸ்’ என்ற எலிக்கதை. படம் வரைந்த அட்டைக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் மேலே எலி நகரும். மேலே சாய்த்து வைத்த கண்ணாடி வழியாக அதைக் கேமரா பார்க்கும். எல்லாம் நேரலை. காந்தம் சொன்ன பேச்சைக் கேட்காத நாள்களில் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தத் தலைவலி வேண்டாம், படமாகவே எடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு அவரைத் தள்ளியதும் அந்தக் காந்தம்தான். எலிக்குப் படம் வரைய ஆள் தேடியபோது அகப்பட்டவர் பீட்டர் ஃபிர்மின். லண்டன் கலைக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த ஓவியர்.

இருவரும் சேர்ந்து ஆரம்பித்த நிறுவனத்தின் பெயர் ‘ஸ்மால்ஃபிலிம்ஸ்’. கேன்டர்பரிக்குப் பக்கத்தில் பிளீன் என்ற கிராமத்தில் ஃபிர்மினின் வீடு. அங்கே மாடு கட்டாத பழைய தொழுவம் ஒன்று இருந்தது. அதுதான் ஸ்டுடியோ. கேமராவை ஒவ்வொரு சட்டகமாக ஓட வைக்க, மெக்கானோ விளையாட்டுச் சாமானை வைத்து போஸ்ட்கேட் தாமே ஒரு பொறி செய்து மாட்டியிருந்தார். வேல்ஸ் மலைப்பாதையில் ஓடும் ‘ஐவர்’ என்ற நீராவி எஞ்சினின் கதையை 1959இல் எடுத்தபோது, எஞ்சினின் புகைச் சத்தம் முழுக்க அவருடைய வாயிலிருந்து வந்தது. அந்த எஞ்சினுக்கு ஒரே ஆசைதான்: ஊர்ச் சேர்ந்திசைக் குழுவில் பாட வேண்டும். ரயிலில் ஃபயர்மேனாக இருந்த வேல்ஸ் நண்பர் ஒருவர், எஞ்சின் கிளம்பும் முன் அது உயிர்பெறும் விதத்தைச் சொல்லக் கேட்டதில் பிறந்த கதை. அதே ஆண்டு பிபிசிக்காக ‘நாகின் தி நாக்’. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் லூயிஸ் தீவுச் சதுரங்கக் காய்களின் முகங்களைப் பார்த்து ஃபிர்மினுக்குத் தோன்றிய வடநாட்டு அரச பரம்பரை. அந்த நாகின் சண்டைக்குப் போகாத சாந்தமான ராஜா. வில்லன் நாக்பேட் சூழ்ச்சி செய்து, தோற்று, தப்பி ஓடி, பிறகு வேறொரு கதையில் திரும்பி வருவான். சீருடை மறுத்தவர் எழுதிய கதை என்று தெரிந்து பார்த்தால் அதன் ருசியே வேறு.

அட்டைத் துண்டுகளை வைத்து, நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் வரை படம் எடுத்துவிடுவார்களாம். இந்தத் தொழிலில் அது அசுர வேகம். கூர்ந்து பார்த்தால் அந்த அவசரம் தெரியும். கைகால்கள் வெட்டி வெட்டி நகரும், கண்கள் மட்டும் உருளும், நீண்ட நேரம் ஒன்றுமே அசையாது. ஆனால் அசையாத அந்த நேரத்தில்தான் குரல் கதையைச் சொல்லும். இன்று இவர்களின் ‘மென்மையான நடை’ என்று விமர்சகர்கள் புகழ்வதில் பாதி, பணமில்லாததால் வந்தது.

‘இருவர்’ என்று எழுதும்போது ஒரு நெருடல். ‘பிங்விங்ஸ்’ தொடரின் பெங்குவின்களைப் பின்னியவர் ஃபிர்மினின் சகோதரி குளோரியா. ‘கிளாங்கர்ஸ்’ பொம்மைகள் அத்தனையும் ஃபிர்மினின் மனைவி ஜோன் பின்னியவை. பேக்பஸ் கடையிலிருக்கும் மேடலின் பொம்மை, ஜோன் தம் மகள்களுக்காகச் செய்தது. எமிலியாகப் புகைப்படத்தில் நிற்பது அவர்களுடைய மகள் எமிலியேதான். கடையின் ஜன்னல்கூட அந்த வீட்டு ஜன்னல். வெர்னன் எலியட்டின் பசூன் வாத்தியம் இல்லாமல் நாகினையும் கிளாங்கர்ஸையும் நினைத்துப் பார்க்க முடியாது. பேக்பஸின் பாட்டுகள் சாண்ட்ரா கெர், ஜான் ஃபாக்னர் என்ற நாட்டுப்புறப் பாடகர்களுடையவை. இறந்தவருக்கு ‘படைப்பாளி’ என்று ஒருமையில் பட்டம் கட்டுவது எளிது. அந்தத் தொழுவத்தில் நடந்ததோ குடும்பத் தொழில்.

கிளாங்கர்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால்வைத்தான். நவம்பரில் இந்தத் தொடர் வந்தது. எங்கோ விண்வெளியில் ஒரு குட்டிக் கோள். அதன் பள்ளங்களுக்குள் ரோஸ் நிறக் கம்பளியில் பின்னிய, நீண்ட மூக்குள்ள சுண்டெலி போன்ற ஜீவன்கள். உள்ளே எலும்புக்கூடு மெக்கானோ. விண்வெளியிலிருந்து குப்பை கொட்டினால் உள்ளே ஓடி, தகர மூடியை இழுத்து ‘கிளாங்’ என்று சாத்திக்கொள்ளும். பெயர் வந்தது அந்தச் சத்தத்தில். கோளுக்குள் சூப் கிணறு. அதற்குக் காவல் ஒரு சூப் டிராகன். இரும்புத் துண்டுகளால் ஆன கோழி, இசைக்குறிகள் காய்க்கும் மரம்.

இவை பேசும் பாஷை சீழ்க்கை. போஸ்ட்கேட் வசனத்தை முதலில் முழுக்க ஆங்கிலத்தில் எழுதுவார். பிறகு அதன் ஏற்ற இறக்கம் அப்படியே வரும்படி ஊதல்களில் வாசிப்பார்கள். ஒரு காட்சியில் கதவு சிக்கிக்கொள்ள, குடும்பத் தலைவர் எரிச்சலில் ஒரு கெட்ட வார்த்தை சொல்வதாக எழுதியிருந்தார். பிபிசியிலிருந்து ஆட்சேபம் வந்தது: குழந்தைகள் நிகழ்ச்சியில் இப்படியெல்லாம் பேசலாமா? வெறும் சீழ்க்கைதானே என்றார் இவர். கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும் என்றது பிபிசி. எனக்கு இந்தச் சண்டையில் பிபிசியின் பக்கம்தான் சரி என்று படுகிறது. ஊதல் அந்த அளவுக்குத் துல்லியமாகப் பேசியது. வர்ணனைக் குரலை எடுத்துவிட்டு, வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர்களுக்கு ஒரு பகுதியைப் போட்டுக் காட்டியபோது, கிளாங்கர்கள் தம் தாய்மொழியில் அல்லவா பேசுகின்றன என்று ஆளுக்கொரு மொழியைச் சொன்னார்களாம். நம் வீட்டுக் குழந்தைக்கும் அது தமிழாகத்தான் கேட்கும். ‘ம்ஹூம்’ என்று சிணுங்குவதற்கும் ‘சூப் எங்கே’ என்று அதட்டுவதற்கும் மொழிபெயர்ப்பு எதற்கு?

1974 அக்டோபர் 10, அந்த ஆண்டின் இரண்டாவது பொதுத் தேர்தல். அன்றைக்கென்றே ஒரு சிறப்புப் பகுதி ஒளிபரப்பானது. வர்ணனையாளர் கிளாங்கர்களுக்குத் தேர்தல் என்றால் என்ன, கட்சி என்றால் என்ன என்று விளக்கப் படாதபாடு படுகிறார். அவர் வற்புறுத்தலுக்காக ஒரு போட்டி நடக்கிறது: சூப் டிராகனுக்கும், தவளை போன்ற ஃபிராக்லெட் ஒன்றுக்கும். ஃபிராக்லெட்டுகளுக்குச் சூப் கிடையாது என்பதுதான் டிராகனின் தேர்தல் வாக்குறுதி. அது ஜெயித்தும் விடுகிறது. முடிவைப் பார்த்த கிளாங்கர்களுக்கு இந்த விளையாட்டே பிடிக்காமல் போகிறது. வாக்குச்சாவடிகள் திறந்திருக்கும் நாளில் ஓர் அரசு சார்ந்த ஒளிபரப்பு நிறுவனம் குழந்தைகளுக்கு இதைக் காட்டியது என்பதை இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டும்.

பேக்பஸில் எனக்கு மிகவும் பிடித்தது சுண்டெலிகளின் ஆலைக் கதை. எமிலி கொண்டுவந்து வைத்த பொம்மை ஆலை ஒன்றில் ரொட்டித் தூளையும் மொச்சையையும் கொட்டினால் சாக்லேட் பிஸ்கட் வரும் என்று சுண்டெலிகள் சாதிக்கின்றன. கொட்டுகின்றன, சக்கரம் சுற்றுகிறது, கதவு திறந்து பிஸ்கட் வருகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. யாஃபில் என்ற மரங்கொத்திப் பேராசிரியருக்குச் சந்தேகம். பின்பக்கம் போய் எட்டிப் பார்க்கிறார். முன்வாசலில் வந்த அதே பிஸ்கட்டை ஒரு சுண்டெலி பின்வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது. இருந்தது ஒரே ஒரு பிஸ்கட். கதை இதைக் குழந்தைக்கு ‘ஏமாற்றுவது தவறு’ என்று விளக்கவில்லை. குழந்தை சிரிக்கும்; பேராசிரியர் கண்டுபிடிப்பதற்கு ஒரு கணம் முன்பே தானும் கண்டுபிடித்திருந்தால் இன்னும் பலமாகச் சிரிக்கும். அந்த ஒரு கணத்தை விட்டுக்கொடுக்கத் தெரிந்திருந்தது போஸ்ட்கேட்டுக்கு. யாஃபிலை அவர் படைத்தது தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலை மனத்தில் வைத்து. தம் மாமா, பொருளாதார அறிஞர் ஜி.டி.எச். கோலின் சாயலும் அதில் உண்டு.

பேக்பஸ் பூனையின் பிறப்பே தற்செயல்களின் வரிசை. ஃபிர்மினின் முதல் யோசனையில் அது இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பூனை. பூனாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் கதை சொல்லும். ஆரஞ்சுக் கோடு போட்ட பூனையாக இருக்க வேண்டும் என்று துணிக்குச் சாயம் போடக் கொடுத்தார்கள். சாயப் பட்டறையில் தவறு நேர்ந்து, ரோஸும் வெள்ளையுமாக வந்து சேர்ந்தது. போகட்டும் என்று அதையே தைத்தார்கள். பேராசிரியர் பாத்திரம் முதலில் கறுப்பு உடையணிந்த ஒரு மனிதர். பிபிசிக்கு அது பிடிக்கவில்லை. மரங்கொத்தி வந்தது அதனால்தான்.

ஆக, பிபிசி தலையிடவே இல்லை என்று சொல்ல முடியாது. பேராசிரியரை மாற்றச் சொன்னது, சீழ்க்கை வசைக்கு ஆட்சேபித்தது. 1965இல் வந்த ‘தி போகிள்ஸ்’ தொடரில் ஒரு சூனியக்காரி வருவாள். குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்று அதை மீண்டும் ஒளிபரப்பாமல் கிடப்பில் போட்டது. இவற்றில் சில முடிவுகள் நல்லவை, சில கோழைத்தனமானவை. ஆனால் எல்லாமே, ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, ‘குழந்தை இதை எப்படி எடுத்துக்கொள்ளும்?’ என்று யோசித்து எடுத்த முடிவுகள். எதிர்த்து வாதாட முடிந்தது. மற்றபடி நடைமுறை எளிமையானது. போஸ்ட்கேட் பின்னாளில் இதை விவரித்திருக்கிறார். ஆண்டுக்கு ஒரு முறை பிபிசிக்குப் போவார்கள், எடுத்த படத்தைக் காட்டுவார்கள், அடுத்து என்ன என்று கேட்கப்படும், சொல்வார்கள். சரி, இன்னும் ஒன்றரை ஆண்டில் ஒளிபரப்பக் குறித்துக்கொள்கிறோம் என்ற பதிலும் கொஞ்சம் முன்பணமும் கிடைக்கும். வீட்டுக்கு வந்து வேலையைப் பார்ப்பார்கள். இடையில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

1980களின் பிற்பகுதியில் இது மாறியது. இனி எல்லாம் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்தே என்றாகிவிட்டது. ஆரம்ப வினாடிகளிலேயே தூண்டில் போட்டுக் குழந்தையைப் பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சேனலை மாற்றிவிடும் என்ற சித்தாந்தம் வந்தது. ஸ்மால்ஃபிலிம்ஸின் புதிய யோசனைகளை யாரும் வாங்கவில்லை. போஸ்ட்கேட் இதைக் காரசாரமாகவே எழுதினார். குழந்தைக்குத் தேவையானதைத் தேடுவதை விட்டுவிட்டு, அது கண்ணெடுக்காமல் பார்ப்பதை மட்டும் தேடுகிறார்கள் என்பது அவர் வாதம்.

கிழவர் புலம்புகிறார் என்று இதைத் தள்ளிவிடலாம். அப்போது சிலர் தள்ளினார்கள். எதிர்வாதமும் வலுவானதே. பேக்பஸ் வந்த காலத்தில் பிரிட்டனில் இருந்தவை மூன்றே சேனல்கள். போட்டி இல்லாத இடத்தில் மெதுவாகக் கதை சொல்லலாம், யாரும் ஓடிப்போக முடியாது. பிபிசி அதிகாரிகளின் ரசனைக்கு வெளியே இருந்த குழந்தைகள், முக்கியமாகக் குடியேறி வந்த குடும்பங்களின் குழந்தைகள், திரையில் தங்களைக் காணவே இல்லை. அந்தக் காலத்தில் வந்த குழந்தை நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை அசட்டுத்தனமானவை என்பதும் நிஜம். நினைவில் நிற்பவை நல்லவை மட்டும்தான். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. எண்ணிக்கையோடு வாதாட முடியாது. சூனியக்காரி பயமுறுத்துகிறாள் என்று சொன்ன அதிகாரியிடம், பயம் கதையில் ஒரு பகுதி என்று பதில் சொல்லலாம். எட்டாவது வினாடியில் பார்வையாளர் கோடு சரிகிறது என்று காட்டும் வரைபடத்திடம் என்ன சொல்வது? இன்று அந்த வரைபடம் தொலைக்காட்சி அலுவலகத்தை விட்டு நகர்ந்து யூடியூபின் கணிப்புமுறைக்குள் போய்விட்டது. சாப்பிட அடம்பிடிக்கும் குழந்தையின் கையில் போனைக் கொடுக்கும் எந்த வீட்டிலும் அதன் வேலையைப் பார்க்கலாம்.

படம் எடுக்க வாய்ப்பு இல்லாத காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. அணு ஆயுத எதிர்ப்பில் இறங்கித் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். கேன்டர்பரி பேராயராக இருந்த தாமஸ் பெக்கட்டின் வாழ்வையும் கொலையையும் பற்றி கென்ட் பல்கலைக்கழகத்துக்காக ஒரு பெரிய சுவரோவியம் தீட்டினார். 1987இல் அதே பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தபோது, இது உண்மையில் பேக்பஸுக்கு உரியது என்றார். பூனைக்கும் பட்டதாரி அங்கி தைக்கப்பட்டது. 2000இல் சுயசரிதை வெளியானது.

அவர் மறைந்து ஏழு ஆண்டு கழித்து, 2015இல், கிளாங்கர்ஸ் புதிதாக எடுக்கப்பட்டது. எழுத்தில் மகன் டேனியல் போஸ்ட்கேட். உடன் நின்று பார்த்துக்கொண்டவர் எண்பது கடந்த பீட்டர் ஃபிர்மின். மூன்று ஆண்டுக்குப் பின் அவரும் காலமானார். வர்ணனைக்கு பிரிட்டனில் நடிகர் மைக்கேல் பாலினும் அமெரிக்காவில் நடிகர் வில்லியம் ஷாட்னரும் குரல் கொடுத்தார்கள். கணினி வரைகலைக்குப் போகாமல், பின்னிய பொம்மைகளை நகர்த்தியே எடுத்தார்கள். பாஃப்டா விருதும் கிடைத்தது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பணம் போட்டவர்கள் ஏற்கெனவே ஜெயித்த பெயரின்மேல் போட்டார்கள். பேர் தெரியாத இருவர், சாயம் மாறிப்போன ஒரு துணிப்பூனையோடு வந்து நின்றால் நிலைமை வேறு.

அப்படிப்பட்டவர்களுக்காகவும் ஒரு வழி திறந்தது. 2019இல் பிரிட்டிஷ் அரசு, குழந்தைகளுக்கான புதிய நிகழ்ச்சிகளுக்கு உதவ, மூன்றாண்டு சோதனை முயற்சியாக ஒரு பொது நிதியை ஒதுக்கியது. 5.7 கோடி பவுண்டு வரை என்பது அறிவிப்பு. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அதை நிர்வகித்தது. இலவச சேனல்களில் வர வேண்டும், புதிதாக இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். சிறு நிறுவனங்கள் பல அதனால் பிழைத்தன. 2022இல் சோதனைக் காலம் முடிந்ததும் அரசு அதை நீட்டிக்கவில்லை. அடுத்த ஆண்டே, வணிகத் தொலைக்காட்சியான ஐடிவி தன் தனிக் குழந்தைகள் சேனலையும் மூடிவிட்டது. போஸ்ட்கேட்டின் நூற்றாண்டுக்கு மலர் வெளியிடுவதைவிட அந்த நிதியைத் திரும்பத் திறப்பது செலவு கூடுதலான காரியம். ஆனால் அவர் எதைக் கேட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.